மூத்தவள் ஆறட்டும்

ராமசுப்பு அண்ணன் ஆறிப்போய் வீட்டுக்கு வந்தார், அவருடைய கார் ஆறாமல் வந்தது. அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், சாத்தூர் செக்கடித் தெருவுக்குள் முன்னால் ஆம்புலன்ஸும், பின்னால் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்த காரும் நுழைந்தன. அண்ணனை ஐஸ் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். காரை வாசலில் ஓரமாக நிறுத்தினார்கள். சீனியம்மா மதினி புருஷன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. எழுந்து வெளியே வந்து காரின் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தாள், சுரீரென்று சுட்டது. மறுநாள் கொட்டு முழக்கி, ஆறிப்போன மனுஷனைக் கொண்டுபோய் நெருப்பில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், கார் அப்படியே மூக்கால் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அதன் பக்கத்தில் பாய் விரிக்க முடியாமல் எதிரே என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஆடி வந்தது, ஆவணி வந்தது, அடை மழை பெய்தது, கார் ஆறவில்லை. ஏன் ஆறவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், நான் மாவு அரைத்து விற்கிறவள்.

என் பெயர் இந்திராணி. தெருவில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். நீளம்தான், நான் என்ன இல்லையென்றா சொன்னேன். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், ராமசுப்பு அண்ணன் மாதிரி ஒரு டிரைவர் இந்த ஊரில் கிடையாது. பிரசவமா, பெண் பார்க்கவா, பெரியாஸ்பத்திரிக்கா, எங்கள் தெருவில் யார் எங்கே போனாலும் அவர் காரில்தான் போனோம். அவர் அந்த டீசல் காரை வாங்கும்போதே அதற்கு நடு வயசு. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், பாவம், அவர்கள் நல்லபடியாகத்தான் செய்து அனுப்பியிருப்பார்கள், நம்மிடம் வந்தால் எதுதான் உருப்படும். காரை வாங்கிய மறு வருஷம் வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து சீனியம்மா மதினியைக் கட்டிக்கொண்டு வந்தார். மாலையும் கழுத்துமாகக் காரை விட்டு இறங்கிய பெண்ணிடம், அத்தனை பேர் நடுவில், பானெட்டைத் தட்டிக் காட்டி, "சீனி, இவ மூத்தவ. நீ இளையவ. ரெண்டு பேரும் சண்டை போடாம இருக்கணும்" என்றார். அவள் குனிந்த தலை நிமிராமல், "மூத்தவளுக்குச் சேலை எடுத்தீங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து தெரு முழுக்க அந்தக் காருக்கு மூத்தவள் என்றே பெயர்.

மூத்தவளுக்கு ஒரே ஒரு வியாதி, உடம்பில் தண்ணி நிற்காது. ரேடியேட்டரில் ஓட்டை என்பார்கள், அதை அடைத்தால் ஹோஸ் வெடித்தது என்பார்கள், ஹோஸை மாற்றினால் பம்பு ஒழுகும். பாலத்தடி மெக்கானிக் சவரிமுத்துவின் பட்டறையில் அது நிற்காத வாரம் கிடையாது. அண்ணன் ஓடிச் சம்பாதித்ததை மூத்தவளுக்கே சீர் செய்தார். இளையவளுக்கு ஒரு நல்ல வளையல் கிடையாது. மதினி அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் செலவு வைக்க ஒருத்தி இருக்கட்டுமே என்பாள்.

கல்யாணம் ஆன புதிதில் அண்ணன் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். "காலைல எந்திரிச்சதும் மூத்தவளுக்குப் பச்சத் தண்ணி ஊத்திரு சீனி. அவ சூட்டு உடம்புக்காரி." அவ்வளவுதான் சொன்னார். அவள் அதைச் சாமி காரியம் மாதிரி எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் போர்த் தண்ணி வாயில் வைக்க விளங்காது, உப்பு கரிக்கும். முனிசிபாலிட்டி குழாயில் நல்ல தண்ணி எப்போதாவது வரும், வந்தால் குடத்துக்குக் குடம் அடிதடி நடக்கும். அப்படி அடித்துப் பிடித்துக் கொண்டுவந்த நல்ல தண்ணியில் முதல் சொம்பை மூத்தவளுக்கு ஊற்றிவிட்டுத்தான் மதினி உலை வைப்பாள். வருஷம் தவறாமல், மழை பெய்தாலும் தவறாமல், காய்ச்சல் வந்தாலும் தவறாமல், பானெட்டைத் தூக்கி, மூடியைத் திருகி, சொம்பைச் சாய்த்து, பிறகு சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து வைப்பாள். உறுமுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் அண்ணன் பாயை விட்டு எழுந்திருப்பார். வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அந்த இரண்டும்தான், தண்ணி ஊற்றுவதும் ஸ்டார்ட் செய்வதும்.

அண்ணன் கடைசியாகச் சவாரி போன அன்றைக்குப் பாத்திரக்கடை நவநீதன் வந்து அவசரமாகக் கூப்பிட்டார். அவர் மகளும் பிறந்த பிள்ளையும் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும், நல்ல நேரத்துக்குள் வீடு சேர வேண்டும். அண்ணன் காபி குடித்த கையோடு கிளம்பிவிட்டார். மத்தியானம் மதினியும் நானும் என் வீட்டில் உளுந்து கழுவிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அவள் கையெல்லாம் உளுந்து. நான்தான் அமுக்கி, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"மூத்தவ கொதிச்சுட்டா சீனி. இப்ப மூடியத் திறந்தா மூஞ்சில அடிச்சிரும். செத்த நேரம் ஆறட்டும். ஆறினதும் வந்துர்றேன்."

"வெயில்ல நிக்காதீங்க."

"அவ நிழல்லதான் உக்காந்திருக்கேன்."

அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. நாலு வழிச் சாலையில் மரம் ஏது, எல்லாவற்றையும்தான் வெட்டிவிட்டார்களே. உச்சி வெயிலில் ஒரு காருக்கு எவ்வளவு நிழல் இருக்கும், ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருகிற அளவுக்கு இருக்கும். அந்த நிழலும் நகரும்தானே, அதன் கூடவே அவரும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வெயில் அடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் காத்திருந்த நவநீதன் மகள் வேறு காரில் வந்து சேர்ந்தாள்.

இனி காருக்கு வருகிறேன். முதல் வாரம் சவரிமுத்து வந்தார். பாட்டரியைக் கழற்றிப் பார்த்தார், டீசலைப் பிடித்து எடுத்துப் பார்த்தார், கார் ஆறவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் பாட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு போனவர் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. தெரு பார்த்தது. கொஞ்ச நாள் பயந்தது, கொஞ்ச நாள் பேசியது, பிறகு அதற்கு வேலை இருந்தது, காரும் இருந்தது, இரண்டையும் சேர்த்துவிட்டது. புரட்டாசி மழையில் துணி காயாத வீடுகள் எல்லாம் அதன் மேல் துணி போட்டன, வடகம் போட்டவர்கள் கூரைக்குப் பதில் காரின் கூரையைத் தேடினார்கள், ஐப்பசிக் குளிரில் தெருப் பூனைகள் அத்தனையும் அதன் அடியில் குட்டி போட்டன, சளி கட்டின பிள்ளைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து பானெட் பக்கம் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுப் போனார்கள், இஸ்திரிக்காரர் கரி விலை ஏறிவிட்டது என்று பெட்டியை அதன் மேல் வைத்துச் சூடாக்கிக்கொண்டார். என் மாவைச் சொல்லவே வேண்டாம். குளிர் காலத்தில் மாவு பொங்காமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த வருஷம் தூக்குவாளியைப் பானெட்டில் வைத்து எடுத்தால் இட்லி பூவாக வந்தது, பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் என் மாவைக் கேட்டு வாங்கினார்கள்.

யாரோ ஒருத்தி அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, சூடத்தட்டோடு வந்து நின்றாள். மதினி ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டாள். "அவ சாமி இல்லத்தா, என் சக்களத்தி. சக்களத்திக்கு யாராச்சும் சூடம் காட்டுவாங்களா?" என்று கேட்டாள். அவள் சிரிக்காமல் சொன்னதால் நாங்களும் சிரிக்கவில்லை.

மதினிக்கு அப்போது இருந்த வேலை தண்ணி சுமப்பது ஒன்றுதான். முன்பு ஒரு சொம்பு ஊற்றியவள் இப்போது குடம் குடமாக ஊற்றினாள். சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகி, ஆவி முகத்தில் அடிக்க அடிக்க ஊற்றுவாள். ஊற்றுவது அத்தனையும் கீழே சொட்டி, சொட்டு ஓடையாகி, வெதுவெதுவென்று சாக்கடைக்குப் போய்விடும். மறுபடி குடத்தை எடுப்பாள். நவநீதனும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு குடத்தோடு வந்துவிடுவார். ஊற்றிவிட்டு, "நான் கூப்பிடாம இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார், காலிக் குடத்தோடு போய்விடுவார். அவர் வீட்டில் பேரன் தவழ ஆரம்பித்திருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எதுக்கு மதினி இப்படிச் சுமந்து சாகுறீங்க? ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் தானா ஆறிட்டுப் போகுது."

அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "ஆறினதும் வந்துர்றேன்னு சொன்னாருல்ல. நீயும்தான கேட்ட."

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அமாவாசைக்கு அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க ஏற்பாடு செய்தவளும் அவள்தான், அவர் சட்டைகளைத் தெருவில் திரிகிற ஒரு ஊமைக் கிழவனுக்கு எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். செத்தது செத்ததுதான். ஆனால் சொன்னது சொன்னதுதானே, அந்த மனுஷன் ஒருநாளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்ததில்லையே. ஆறாத கார் ஒன்று தெருவில் நிற்கும்போது அது மட்டும் ஏன் நடக்காது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இருந்தும் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துபோனது. அதன் பிறகு குழாயில் நல்ல தண்ணி வந்தால் முதல் குடத்தை மதினிக்கு விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் பிடித்தார்கள்.

கார்த்திகையில் விருதுநகரிலிருந்து பழைய வண்டி வாங்குகிற ஒருவர் வந்தார். யார் சொல்லி அனுப்பியதோ தெரியாது. காரைச் சுற்றி வந்தார், தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "சூடாத்தான் இருக்கு" என்று சொல்லி அதற்கும் சேர்த்து விலையைக் குறைத்தார். இதை ரிப்பேர் பார்க்கிற செலவு வண்டி விலையை முழுங்கிவிடும், இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். மதினி விற்கிற எண்ணம் இல்லை என்றாள். வந்ததற்குப் பார்த்துவிட்டுப் போவோம் என்று அவர் சாக்கைச் சுற்றி மூடியைத் திறந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுக்குப் பச்சத் தண்ணியே ஊத்துறதில்லையா?"

"தினம் ஊத்துறேனே."

"எங்க ஊத்துறீங்க, வெறும் தண்ணியில்ல கிடக்கு."

"வெறும் தண்ணிதான். பச்சத் தண்ணி. கொதிக்க வச்சா ஊத்துவாங்க?"

அவர் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, விஷயம் தெரியாமல் சிரித்தார். "பச்சத் தண்ணின்னா பச்சக் கலர்ல இருக்கும்மா. கூலன்ட்டு. கடையில பாட்டில்ல விக்கும். டிரைவருங்க பச்சத் தண்ணின்னுதான் சொல்லுவாங்க. வெறும் தண்ணிய ஊத்துனா உள்ள துருப் பிடிச்சு ஓட்டை விழும், கொதிக்கும். டிரைவர் வீட்டம்மா, இது தெரியாதா உங்களுக்கு?"

எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத தண்ணி. அவள் பிறந்த ஊரிலும் அதேதான், நான் பிறந்த ஊரிலும் அதேதான். எனக்குச் சொல்லியிருந்தால் நானும் குழாய்த் தண்ணியைத்தான் ஊற்றியிருப்பேன். மதினி மெதுவாக வீட்டுக்குள் போனாள். பரணில் கைவிட்டுத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். கல்யாணம் ஆன புதிதில் அண்ணன் வாங்கி வைத்தது, கண்ணாடி துடைக்கிற மருந்து என்று அவள் நினைத்திருந்தது. மேலே ஒட்டியிருந்த தாள் வெளுத்துப்போயிருந்தது. தூசியைச் சேலையால் துடைத்துவிட்டு வெயிலில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே பச்சையாக, வயல் பச்சையாக இருந்தது.

அன்று முழுக்க மதினி சாப்பிடவில்லை, எப்படிச் சொல்வது, பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை. குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. நான் சோற்றைப் பிசைந்துகொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான்தான் கொன்னுருக்கேன் இந்திராணி" என்றாள். "கத்தியால குத்தல, வெஷம் வைக்கல. குடிக்கிற தண்ணியத் தினம் ஒரு சொம்பு ஊத்தி ஊத்திக் கொன்னுருக்கேன்."

"வாயைக் கழுவுங்க மதினி. வெயில் கொன்னுச்சு."

"அவருக்குத் தெரியுமா? நான் ஊத்துறது வெறும் தண்ணின்னு தெரிஞ்சுதான் போனாரா? தெரியாம போனாரா? வந்தா அது ஒண்ணத்தான் கேக்கணும்."

தெரிந்த ஒரு ஆள் ஊரிலேயே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் காலையில் அவளை எழுப்பி முகம் கழுவச் சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன். சவரிமுத்து ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். எங்கள் கால்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போல, வெளியே வராமல் உள்ளேயே கிடந்தார்.

"சவரி அண்ணே, வெளிய வாங்க. இல்லேன்னா நான் உள்ள வந்துருவேன்" என்றேன் நான்.

வந்தார். கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மதினி பாட்டிலை அவர் முன்னால் நீட்டினாள்.

"அவருக்குத் தெரியுமாண்ணே?"

சவரிமுத்து வாசலில் நின்ற பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தெரியும் தங்கச்சி. நீ வந்த மொத வாரத்துலயே தெரியும். தெனம் காலைல மொத வேலையா இங்கதான் வருவான். நீ ஊத்துன தண்ணிய அடியில பிடிச்சு எடுத்துட்டு, இங்க வச்சிருக்க பச்சத் தண்ணிய ஊத்திட்டுத்தான் சவாரிக்குப் போவான். பிடிச்ச தண்ணிய வீணாக்க விடமாட்டான், இந்த மரத்துக்கு ஊத்துவான். நானும் கேட்டேன், ஏண்டா, ஒரு வார்த்தை அவகிட்டச் சொன்னா முடிஞ்சு போச்சேன்னு." கை துடைத்த துணியை முறுக்கினார். "என்ன சொன்னான் தெரியுமா? சக்களத்திக்குக் குடிக்கிற தண்ணிய ஊத்துறாடா சவரி, எந்த ஊர்லடா நடக்கும் இது, சொன்னா நிறுத்திருவாடா, சொல்லாதன்னான். அவன் சொல்ல விடல."

மதினி மரத்தைப் பார்த்தாள். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.

"அன்னைக்குப் பட்டறை பூட்டிக் கிடந்துச்சு தங்கச்சி" என்றார் சவரிமுத்து. "என் அக்கா மகனுக்குக் கல்யாணம். அவன் வந்து பாத்துட்டுப் போயிருக்கான். அன்னைக்கு ஒரு நாள் உன் தண்ணியோட போயிட்டான். அதுக்கும் மேல, அந்த ஹோஸ் நான் மாட்டுனது. இன்னும் ஒரு மாசம் தாங்கும்னு நான்தான் சொன்னேன். நீ உன்னையச் சொல்ற. நான் எங்க போய்ச் சொல்ல?"

கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தப் பெரிய உருவம் அழுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மதினி அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது, அத்தனை வருஷத்தில் நான் பார்க்காத கோபம்.

"ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல. ஏண்டி கூறுகெட்டவளே, இதுவா பச்சத் தண்ணின்னு ஒரு அறை விட்டிருக்கலாம்ல. இருபது வருசமா என்னையச் சந்தோசமா வச்சிருந்தாராம்ல, யாருண்ணே கேட்டா அத? திட்டியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாருல்ல." மூச்சு வாங்க நின்றாள். பிறகு பாட்டிலை அவர் கையில் வைத்தாள். "சரி பண்ணுங்கண்ணே. என்ன செலவானாலும் ஆகட்டும். அவ ஆறட்டும். அவரு வரட்டும். வந்து ஒரே ஒரு வார்த்தை என்னையத் திட்டிட்டுப் போகட்டும்."

ரேடியேட்டர், பம்பு, ஹோஸ்கள், கேஸ்கெட், எல்லாமே மாற்ற வேண்டும் என்றார் சவரிமுத்து. கூலி மட்டும் பேசக்கூடாது என்றார். மதினி வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தாள். விற்கிற மாதிரி இருந்தது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். நவநீதன் ஓடிவந்து, தடதடவென்று ஆடிக்கொண்டிருந்த அந்தப் பழைய பெட்டிக்குப் புதுசின் விலையைக் கொடுத்துத் தூக்கிப் போனார். வீட்டில் குளிர்ச்சியாக இருந்ததை விற்று வெளியே கொதிப்பதை ஆற்றப் பார்க்கிறாளே என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

தை பிறந்து சவரிமுத்து வேலையைத் தொடங்கினார். எல்லா மெக்கானிக்கும் வண்டி ஆறின பிறகு கையை வைப்பார்கள், அவர் ஆற வைப்பதற்காகக் கொதிக்கிற வண்டியில் கையை வைத்தார். ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். சாக்கு காய்ந்து புகையும், நனைப்பார், மறுபடி சுற்றுவார். முழங்கை வரை கொப்புளம். துணி காயப் போட்டிருந்தவர்கள் சொல்லாமலே எடுத்துக்கொண்டார்கள், நானும் என் தூக்குவாளியை எடுத்துக்கொண்டேன். பாட்டரியைத் திரும்ப மாட்டி, டீசலும் ஊற்றி, எல்லாம் முடிந்த அன்று மத்தியானம், "பச்சத் தண்ணிய நீயே ஊத்து தங்கச்சி" என்றார். மதினி பரண் பாட்டிலின் மூடியைத் திருகினாள். போதாததற்கு அவர் இன்னும் இரண்டு வாங்கி வைத்திருந்தார். அவள் ஊற்ற ஊற்ற அது உள்ளே போனது, கீழே ஒரு சொட்டு விழவில்லை. நாங்கள் எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்தோம்.

கார் ஆற ஆரம்பித்தது. முதலில் ஆவி நின்றது. பிறகு பூனைகள் ஒன்றொன்றாக அடியிலிருந்து வெளியே வந்து, சோம்பல் முறித்து, வேறு இடம் தேடிப் போயின. தகரம் டிக் டிக் என்று சுருங்குகிற சத்தம் கேட்டது. இஸ்திரிக்காரர் வந்து தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, கரி வாங்கப் போனார். வெயில் சாய்ந்தபோது மதினி குளித்து, தலை முடிந்து, அண்ணனுக்குப் பிடித்த ஊதா நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து கார் பக்கத்தில் நின்றாள். உள்ளே உலை கொதித்தது, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வாசம் தெரு முழுக்க வந்தது. அவர் அதற்கு உயிரை விடுவார்.

தெரு என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. வழியில் நின்ற மோட்டார் சைக்கிள்களை அவரவர் உள்ளே தள்ளினார்கள். கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். தெருமுனைக் குண்டும் குழியும் தெரிய வேண்டும் என்று நவநீதன் தன் கடை விளக்கை இழுத்து வந்து கட்டினார். டி.வி.க்கள் நின்றன. எல்லா வாசலிலும் ஆள் இருந்தது, எல்லாரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்காத மாதிரி அரிசி புடைத்துக்கொண்டும் பூத் தொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். கோவில்பட்டி பஸ் பாலத்தில் போனது. ஒரு சைக்கிள்காரர் வந்தார், பக்கென்று ஆனது, அவர் வழி தவறி வந்தவர். சவரிமுத்து கொப்புளக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மணி இத்தனை ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

மதினி கையை நீட்டிப் பானெட்டில் வைத்தாள். எடுக்கவில்லை. எனக்கு அந்தக் கையைப் பார்த்ததும் ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது, அவளுக்கும் வந்திருக்கும். கார் ஜில்லென்று ஆகியிருந்தது.

நேரம் போனது. சோறு ஆறியது, குழம்பு ஆறியது. எழுந்து உள்ளே போகவும் யாருக்கும் மனசில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. தெருவே ஒரு தப்பு செய்துவிட்ட மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. நவநீதன்தான் மெல்ல எழுந்து விளக்கை அணைக்கப் போனார். அப்போது மதினி கதவைத் திறந்து காருக்குள் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருகினாள்.

ஒரே திருகில் உறுமியது. சவரிமுத்து துள்ளி எழுந்தார். அவள் காரை எங்கேயும் ஓட்டவில்லை, அவளுக்கு ஓட்டத் தெரியாது. நின்ற இடத்திலேயே காலை அழுத்தி அழுத்தி உறும விட்டாள். உறுமி உறுமிக் கார் சூடேறியது, பூனை ஒன்று திரும்பி வந்து சக்கரத்தடியில் எட்டிப் பார்த்தது. சூடு காட்டுகிற முள் ஏறுகிறதா என்று கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தவள், போதுமென்று தோன்றியதும் அணைத்துவிட்டு இறங்கினாள். பானெட்டைத் தொட்டாள். கையை வெடுக்கென்று எடுத்தாள். பிறகு தெருவைப் பார்த்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, ரொம்ப நிம்மதியாகச் சொன்னாள்.

"இன்னும் ஆறல. அதான் வரல."

"ஆமாம்மா, ஆறல" என்றார் சவரிமுத்து. "ஆறலதான்" என்றார் நவநீதன். நாங்கள் எல்லாரும் சொன்னோம். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதோம்.

அது முடிந்து மறுபடியும் மார்கழி வந்துவிட்டது. கார் இப்போது எல்லாக் கார் மாதிரி ஒரு கார்தான், ஒழுகுவதில்லை, கொதிப்பதில்லை, விட்டால் ஆறிப்போகும். மதினி தினமும் பொழுது சாய ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து சூடாக்கிவிட்டு இறங்குகிறாள். வாசலில் டீசல் கேன் ஒன்று எப்போதும் நிறைந்தே இருக்கிறது, யார் நிரப்புகிறார்கள் என்று அவள் கேட்டதில்லை, தெருவும் சொன்னதில்லை. எங்கள் துணியை இன்னமும் அதன் மேல்தான் போடுகிறோம், காயாததை எடுத்துப் போய் வீட்டுக்குள் காயவைத்துக்கொள்கிறோம். நானும் ஒரு தூக்குவாளி மாவை அதன் மேல் வைக்கிறேன். அது பொங்குவதில்லை. விற்கிற மாவு என் அடுப்படியில் போர்வை போர்த்திக்கொண்டு இருக்கிறது.

ஒன்றை மட்டும் மதினி செய்வதில்லை. காலையில் தன் கையால் அதைத் தொடுவதில்லை. சொம்பும் கையுமாக வாசல்படியிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவாள். இன்றைக்கும் கூப்பிட்டாள்.

"இந்திராணி, ஆறிருச்சான்னு தொட்டுப் பாரு."

நான் போய்ப் பானெட்டில் கையை வைத்தேன். ராத்திரிப் பனி இறங்கித் தகரம் நனைந்து கிடந்தது, விரல் விறைத்தது. கையை வெடுக்கென்று எடுத்து உதறினேன்.

"இல்ல மதினி" என்றேன். "கைய வைக்க முடியல."